யோக சூத்திரத்தை ஓதிப் படிப்பது எப்படி? சமஸ்கிருதம் தெரியாதவருக்கு ஒரு பதில்

கேள்வி சுருக்கமாக: "கொருக்குப்பேட்டையில் இருக்கிறேன், நாற்பத்தைந்து வயது, ஷிப்ட் வேலை. ஆசனம் ஓரளவு வரும். பதஞ்சலி யோக சூத்திரம் தமிழ் உரையோடு வாங்கி வைத்திருக்கிறேன், யூடியூபில் ஓதுவதைக் கேட்கிறேன், தனியாகத் தியானமும் செய்கிறேன். மூன்றும் ஒட்டவே மாட்டேன் என்கிறது. சமஸ்கிருதம் தெரியாது. எங்கிருந்து தொடங்குவது? முதலில், நான் ஓதலாமா?"

ஓதலாம். யோக சூத்திரம் வேதத்தின் பகுதி இல்லை. உபநயனம் ஆனவர்தான் அத்யயனம் (குருவிடம் வேதம் ஓதிக் கற்பது) செய்யலாம் என்ற பழைய விதி வேத சம்ஹிதைக்கும் உபநிடதத்துக்கும் சொல்லப்பட்டது. சூத்திரத்துக்கு அது பொருந்தாது. வேத ஓதல் விஷயத்திலேயே சென்னையில் அந்த வேலி எப்போதோ தளர்ந்துவிட்டது. யோக ஆசிரியர் டி. கிருஷ்ணமாச்சாரியார் (1888–1989) பெண்களுக்கும் வேதம் ஓதக் கற்றுக்கொடுத்தார். ஆகவே அந்தக் கவலையை விட்டுவிட்டு உச்சரிப்பைப் பற்றிக் கவலைப்படுங்கள். அங்கேதான் நிஜமான வேலை இருக்கிறது.

மூன்றும் ஒட்டாததற்குக் காரணம், மூன்றையும் மூன்று இடத்திலிருந்து எடுத்திருக்கிறீர்கள். புத்தகத்தில் ஒரு சூத்திரம், காதில் வேறொரு ஸ்லோகம், கண்ணை மூடினால் யாரோ சொன்ன ஒளிவட்டம். மரபு சொல்வது வேறு. 1.28-ஆம் சூத்திரத்துக்கு (முதல் பாதத்தில் 28-ஆவது) உரை எழுதும்போது வியாசர் ஒரு பழைய ஸ்லோகத்தை எடுத்துக்காட்டுகிறார்: ஓதலிலிருந்து யோகத்தில் அமர வேண்டும், யோகத்திலிருந்து ஓதலுக்குத் திரும்ப வேண்டும், இரண்டும் நிறைந்தால் பரமாத்மா விளங்கும். எந்தச் சூத்திரத்தை இன்று ஓதினீர்களோ அதன் பொருளைத்தான் இன்று படிக்க வேண்டும், அதை வைத்துத்தான் இன்று உட்கார வேண்டும். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் அளவும் முறையும்தான்.

(வியாசர்பாடி உங்களுக்குப் பக்கத்தில். ரவீஸ்வரரை வியாசர் வழிபட்டார் என்பது அங்கே தலபுராணம். இந்த உரைகாரர்தான் அவர் என்று ஆராய்ச்சியாளர்கள் ஒப்ப மாட்டார்கள். ஆனாலும் ஒருமுறை போய்வர அது தடையில்லை.)

அளவு. நூலில் நான்கு பாதங்கள்: 51, 55, 55, 34 என்று 195 சூத்திரங்கள். மூன்றாம் பாதத்தில் ஒன்றைக் கூட்டி 196 என எண்ணும் பதிப்புகளும் உண்டு. எண் ஒன்று தள்ளி இருந்தால் குழம்ப வேண்டாம். முழுவதையும் ஓத அரை மணிக்குள்தான் ஆகும், அதனாலேயே எல்லோரும் முழுவதையும் மனப்பாடம் செய்யப் பாய்கிறார்கள். மூன்றாம் பாதம் சொல்லும் சித்திகளில், அதாவது அபூர்வ சக்திகளில், போய் மாட்டிக்கொண்டு, அங்கேயே நின்றும் விடுகிறார்கள். முதல் ஆண்டுக்கு 28 போதும்: முதல் பாதத்தில் 1 முதல் 4, 12 முதல் 14, 27 முதல் 34; இரண்டாம் பாதத்தில் 1, 29, பிறகு 46 முதல் 53; மூன்றாம் பாதத்தின் முதல் மூன்று. யோகம் என்றால் என்ன, பழக்கம் எப்படி உறுதிப்படும், ஓம், தடைகள், அவற்றுக்கு மருந்து, ஆசனம், மூச்சு, தாரணை, தியானம், சமாதி என்று ஒரு முழு வட்டம் இதில் வந்துவிடும். வாரத்துக்கு ஒரு சூத்திரம். இடையில் நான்கு வாரத்துக்கு ஒருமுறை புதிதாக எதுவும் எடுக்காமல் பழையதையே ஓதுங்கள்.

இப்போது உச்சரிப்பு. தமிழ் எழுத்தில் அச்சிட்ட புத்தகத்தில் க², க³, க⁴ என்று சின்ன எண்கள் இருக்கின்றனவா பாருங்கள். எண் இல்லாத புத்தகம் பொருள் படிக்க உதவும், ஓதுவதற்கு உதவாது. எண் இல்லாத எழுத்து வல்லொலி, 2 அதோடு மூச்சு சேர்ந்தது, 3 மெல்லிய ஒலி, 4 மெல்லிய ஒலியோடு மூச்சு. இது தெரிந்தாலும் தமிழ் நாக்கு நம்மை ஏமாற்றும். எப்படி என்று 1.28-ஐ வைத்தே பார்க்கலாம்:

தஜ்ஜபஸ்தத³ர்த²பா⁴வநம்

'ஜப' என்பதில் வரும் ப-வுக்கு எண் இல்லை. அது 'அப்பா'வில் வரும் வல்லொலி, ஆனால் இரட்டிக்காமல் ஒற்றையாக. தமிழில் இரண்டு உயிருக்கு நடுவே வரும் ஒற்றைப் பகரம் தானாக மெலிந்துவிடும், 'அபாயம்' என்று சொல்லிப் பாருங்கள். அந்தப் பழக்கத்தில் ஜபம் என்ற சொல்லையே நாம் எல்லோரும் மெலிந்த பகரத்தோடுதான் சொல்கிறோம். அடுத்து 'தத³ர்த²': முதல் த வல்லொலி, இரண்டாவது மெலிந்தது, மூன்றாவது மூச்சோடு. கடைசியில் 'பா⁴வநம்': இங்கே மெலிந்த ஒலியும் வேண்டும், மூச்சும் வேண்டும். கவனிக்காவிட்டால் 'பாவனம்' என்று தமிழாகிவிடும். ஆக, வல்லொலியாக வேண்டிய இடத்தில் மெலிக்கிறோம், மெலிய வேண்டிய இடத்தில் வலிக்கிறோம். 1.32-இல் 'ஏகதத்த்வ' என்பதில் வரும் க-வுக்கும் இதே கதி. மூச்சொலி சரியா என்று தெரிய உள்ளங்கையை வாய்க்கு நான்கு விரற்கடை தள்ளி வைத்துச் சொல்லுங்கள். த², பா⁴ இரண்டிலும் கையில் காற்று தட்ட வேண்டும், த, ப சொல்லும்போது தட்டக்கூடாது.

அடுத்து 1.2, 'யோக³ஶ்சித்தவ்ருத்திநிரோத⁴:', சித்தத்தின் அசைவுகளை நிறுத்துவது யோகம் என்பது. அதில் சித்தம் என்பதன் 'ச' இன்னொரு வம்பு. சென்னைப் பேச்சில் அது 'ஸித்தம்' ஆகிறது. 'பச்சை'யில் வரும் ச தேவை. வ்ருத்தி என்பதில் இகரம் சேர்த்து 'விருத்தி' ஆக்காதீர்கள். 'த்தி' என்பதை 'த்³தி⁴' என்று மெலித்தால் அது வளர்ச்சி என்ற வேறு சொல். சித்தத்தின் வளர்ச்சியை நிறுத்துவது யோகம் என்று யாரும் சொல்லவில்லை.

பக்கத்தில் இரண்டு புள்ளியாக வரும் விசர்க்கம் பலரைத் திணறடிக்கும். வரியின் முடிவில் அது முந்தைய உயிரை எதிரொலிக்கும்: 'நிரோத⁴:' முடிவில் ஹ, 'பூ⁴மி:' முடிவில் ஹி. நடுவில் வந்தால் அடுத்த எழுத்தைப் பார்த்து உருமாறும். ஜப: என்பது த-வுக்கு முன் 'ஜபஸ்' ஆனது. 1.2-இல் யோக³: என்பது ச-வுக்கு முன் 'யோக³ஶ்சித்த' ஆகிறது. 1.14-இல் ஆஸேவித: என்பது மெல்லிய த்³-க்கு முன் 'ஆஸேவிதோ' ஆகிறது. புத்தகத்தில் சேர்த்து ஒரு மாதிரியும் பிரித்து ஒரு மாதிரியும் அச்சாகியிருப்பது பிழை இல்லை, காரணம் இதுதான். சமஸ்கிருத இலக்கணம் முழுதாகக் கற்காமலே இந்த நான்கு மாற்றங்களைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

நெடில், குறில் அளவையும் விட்டுவிடக்கூடாது. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. தைத்திரீய உபநிடதத்தின் சீக்ஷாவல்லி ஓதலுக்கு ஆறு அங்கம் சொல்கிறது: எழுத்து, ஸ்வரம் என்கிற ஏற்ற இறக்கம், மாத்திரை, பலம் என்கிற அழுத்தம், ஒரே சீர், தொடர்ச்சி. சூத்திரத்துக்கு வேதம் போல் கட்டாய ஸ்வரம் கிடையாது. வேத ஸ்வரத்தை ஒத்த மெட்டில் சொல்லிக்கொடுப்பவர்கள் உண்டு, ஒரே சுருதியில் சொல்பவர்களும் உண்டு. இரண்டும் சரி. யாரிடம் கற்கிறீர்களோ அவர் மெட்டை மாற்றாதீர்கள். மற்ற ஐந்தும் எல்லோருக்கும் பொது.

கற்கும் முறைக்குச் சந்தை என்று பெயர். ஆசிரியர் ஒருமுறை சொல்வார், மாணவர் இருமுறை திருப்பிச் சொல்வார். முதலில் துண்டாக, பிறகு சேர்த்து. புத்தகம் மூடியிருக்க வேண்டும். காது பிடித்த பிறகு கண் பார்க்கலாம். யூடியூபை வைத்துக்கொண்டு கூடவே சொல்வதுதான் பெரும்பாலானோர் செய்யும் தவறு. கூடவே சொல்லும்போது உங்கள் குரல் உங்களுக்குக் கேட்பதில்லை, ஓதுபவரின் குரல் உங்கள் பிழையை மூடிவிடும். ஹெட்போன் போட்டால் இன்னும் மோசம். ஒரு சூத்திரம் ஓடியதும் நிறுத்துங்கள், இருமுறை சொல்லுங்கள், பிறகு ஓட விடுங்கள். வாரம் ஒருமுறை போனில் உங்கள் குரலைப் பதிவு செய்து மூலத்தோடு மாற்றி மாற்றிக் கேளுங்கள். ஒரு பிழை மனப்பாடமாகிவிட்டால் அதைக் கழற்றுவது புதிதாக ஒன்றைக் கற்பதைவிடக் கடினம்.

ஆசிரியர் கிடைத்தால் நல்லது. சோதனை சுலபம்: முதல் வகுப்பிலேயே உங்களைத் தனியாகச் சொல்லவைத்து ஒரு பிழையாவது திருத்துகிறாரா? எதையும் திருத்தாமல் 'அருமை' என்பவரிடம் நேரம் வீண். ஜூம் வகுப்பில் எல்லோரும் சேர்ந்து சொன்னால் ஒலி முன்பின்னாக வரும். ஒவ்வொருவராக மைக்கைத் திறந்து சொல்லவேண்டும். ஜூமின் இரைச்சல் குறைப்பு வசதி, நீட்டிச் சொல்லும் ம்-காரத்தையும் இரைச்சல் என்று நினைத்து விழுங்கிவிடும். அமைப்பில் 'ஒரிஜினல் சவுண்ட்' என்பதை ஆன் செய்துவிடுங்கள்.

மூச்சை எங்கே எடுப்பது என்பதும் கற்க வேண்டியதுதான். சின்னச் சூத்திரம் ஒரே மூச்சில் வரும். ஒன்பது தடைகளைச் சொல்லும் 1.30 நீளம். அதில் 'ப்ரமாதா³லஸ்ய' என்று கவனக்குறைவும் சோம்பலும் சேர்ந்து நிற்கின்றன. பலர் 'ப்ரமாதா³' என்பதோடு மூச்சு வாங்கி 'லஸ்ய' என்று தொடங்குவார்கள், ஆலஸ்யம் தலையிழந்து போகும். 'ஸம்ஶய' முடிந்து ஒரு மூச்சு, 'அநவஸ்தி²தத்வாநி' முடிந்து ஒரு மூச்சு என்று பழகுங்கள். மூன்று மாதத்தில் நடு மூச்சு தேவைப்படாது.

பொருளுக்கு வருவோம். சூத்திரம் தனித்து நிற்காது. 1.28-இல் வரும் 'தத்', அதற்கு முந்தைய சூத்திரத்தின் ஓம், அந்த 1.27-இல் வரும் 'தஸ்ய' 23-ஆம் சூத்திரத்திலிருந்து பேசப்படும் ஈசுவரன். 'அதை ஜபிப்பதும் அதன் பொருளைப் பாவிப்பதும்' என்பதை வாட்ஸாப் வாசகமாகப் பிய்த்தெடுத்தால் 'அது' எதுவாகவும் ஆகிவிடும். ஒரு நோட்டில் சூத்திரத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். பதம் பிரித்து ஒரு வரி, சொல்லுக்குச் சொல் பொருள், முந்தைய சூத்திரத்தோடு என்ன தொடர்பு, வியாச உரையிலிருந்து ஒரே ஒரு செய்தி. நான்கைந்து உரைகளை ஒரே நேரத்தில் விரித்துவைக்காதீர்கள். வியாசரைத் தமிழில் தரும் ஒன்று போதும். இரண்டாவதாக வேண்டுமென்றால் நெரூர் சதாசிவ பிரம்மேந்திரரின் யோகசுதாகரம் சுருக்கமானது, நம் மண்ணில் எழுதப்பட்டது. உரைகளை ஒப்பிடும் ஆர்வம் வந்தால் எழும்பூர் கன்னிமாராவுக்கு ஒரு நடை.

ஒரு எச்சரிக்கை. சூத்திரத்தின் தத்துவ அடித்தளம் சாங்கியம்: புருஷன், பிரகிருதி, முக்குணம், 25 தத்துவம். வீட்டில் சைவ சித்தாந்தம் கேட்டு வளர்ந்தவருக்கு 36 தத்துவம் மனதில் இருக்கும், வேதாந்தம் கேட்டவருக்கு 'எல்லாம் ஒன்று' என்பது இருக்கும். பதஞ்சலி அப்படிச் சொல்லவில்லை. அவருக்குப் பார்ப்பவனும் பார்க்கப்படுவதும் வேறு வேறு. பிரம்ம சூத்திரமே (2.1.3) யோகத்தின் தத்துவத்தை மறுக்கிறது, பயிற்சியை மட்டும் சங்கரர் ஏற்கிறார். எல்லாம் ஒன்றே சொல்கின்றன என்று அவசரப்பட்டுக் குழைப்பவர்கள் கடைசியில் எதையும் சரியாகப் படிப்பதில்லை என்பது என் கருத்து. ஒரு நூலை அதன் சொற்களிலேயே படித்து முடியுங்கள், ஒப்பிடுவது பிறகு.

தியானத்தையும் இதே சூத்திரத்திலிருந்து எடுங்கள். முதலில் இருக்கை. சுவேதாசுவதர உபநிடதம் (2.10) இடம் எப்படி இருக்கவேண்டும் என்கிறது: சமமாக, சுத்தமாக, கூழாங்கல், நெருப்பு, மணல் இல்லாமல், கண்ணை உறுத்தாமல், காற்று வீசாத மறைவாக. ஒட்டுக் குடித்தனத்தில் குகை கிடைக்காது. பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே பாய் விரிக்கும் இடம் போதும், ஆனால் தினமும் அதே இடமாக இருக்கட்டும். பாய்மேல் ஜமக்காளத்தை மடித்து இடுப்புக்குக் கீழே மட்டும் நான்கு விரல் உயரம் வையுங்கள். சம்மணமிட்டால் முழங்கால் இடுப்பைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும், இல்லையென்றால் பத்து நிமிடத்தில் முதுகு வளையும், கால் மரத்துப்போகும். முடியாவிட்டால் நாற்காலி. 2.46 கேட்பது உறுதியும் சுகமும்தான், பத்மாசனம் இல்லை.

மூச்சில் ஆசைப்படாதீர்கள். திருமந்திரம் மூன்றாம் தந்திரத்தில் 16 மாத்திரை இழுத்து, 64 அடக்கி, 32 விட என்று கணக்கு வருகிறது. அதைப் படித்த உடனே அறுபத்து நாலு எண்ணிக்கை மூச்சடக்கி, கண் இருட்டி நிற்பவர்கள் உண்டு. அது முடிவில் எட்ட வேண்டிய அளவு, தொடங்கும் அளவு இல்லை. நான்கு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள். சில வாரத்தில் ஆறு எட்டாகட்டும். அடக்குதல் வேண்டாம். பன்னிரண்டு சுற்றுக்கு இரண்டரை நிமிடம்கூட ஆகாது. தடைகளோடு கூடவே வருபவை என்று 1.31 துன்பம், மனச்சோர்வு, உடல் நடுக்கம், சீரற்ற மூச்சு ஆகியவற்றைச் சொல்லி, 1.34-இல் மூச்சை வெளிவிடுவதை மருந்தாகத் தருகிறது. ஆகவே வெளிமூச்சு நீண்டாலே போதும். ரத்த அழுத்தம், இதய நோய், கண் அழுத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் தாங்களாக மூச்சை அடக்கக்கூடாது. மணலி, எண்ணூர்ப் பக்கக் காற்றில் வாடை அடிக்கும் நாளிலும் போகிப் புகையிலும் மூச்சுப் பயிற்சியை விட்டுவிட்டு ஓதுவதோடு நிறுத்துங்கள். ஆழமாக இழுப்பது எதை என்பதும் முக்கியம்.

ஒரு நாளின் வரிசை: ஆசனம் எட்டு நிமிடம், மூச்சு மூன்று, ஓதல் பத்து, நோட்டில் பொருள் பத்து, அமர்வு பத்து. ஓதலில் பழைய சூத்திரங்கள் எல்லாம் ஒருமுறை, இந்த வாரத்துச் சூத்திரம் பன்னிரண்டு முறை. அந்தப் பன்னிரண்டில் முதல் நான்கு வாய்விட்டு, அடுத்த நான்கு உதடு மட்டும் அசைய, கடைசி நான்கு மனதுக்குள். வாசிகம், உபாம்சு, மானசம் என்று மரபு சொல்லும் மூன்று ஜபமும் இதில் அடங்கிவிடும். பக்கத்து வீட்டுச் சுவர் ஒட்டியிருந்தால் காலை நாலரைக்கு உபாம்சுவே உத்தமம். ஆனால் புதுச் சூத்திரம் கற்கும் வாரத்தில் வாய்விட்டுச் சொல்லியே ஆகவேண்டும், அதற்கு மொட்டை மாடி இருக்கிறது. கடற்கரை வேண்டாம், காற்று உங்கள் குரலை உங்கள் காதுக்கே தராது.

மனதுக்குள் சொன்ன நான்காவது முறை முடிந்ததும் நிறுத்திவிட்டு அங்கேயே இருங்கள். அந்த வாரம் 1.28 என்றால், வெளிமூச்சில் ஓம், அதோடு நோட்டில் எழுதிய பொருள். மனம் நழுவியது தெரிந்தால் திரும்பி வாருங்கள், நழுவல்களை எண்ணவேண்டாம். ஒரே இடத்தில் கட்டுவது தாரணை (3.1), அது அறுபடாமல் ஓடினால் தியானம் (3.2). முதல் ஆண்டில் உங்களுக்கு நடப்பது பெரும்பாலும் தாரணைதான். தூக்கம் வந்தால் கண்ணைப் பாதி திறந்து இரண்டு நிமிடம் வாய்விட்டு ஓதுங்கள். பரபரப்பு வந்தால் ஓதாதீர்கள், வெளிமூச்சை நீட்டுங்கள். இரண்டுக்கும் ஒரே மருந்தைக் கொடுப்பதால்தான் பலருக்குப் பலிப்பதில்லை. கன்டெய்னர் லாரியும் குட்ஸ் ரயிலும் போகும். அதோடு சண்டை போடாமல் அடுத்த வெளிமூச்சுக்குப் போங்கள்.

ஷிப்ட்டுக்கு ஏற்ப மாற்றம் உண்டு. நைட் முடிந்து வந்த காலையில் தியானத்துக்கு உட்கார்ந்தால் அது தூக்கம்தான். அன்று பழைய சூத்திரங்களை ஒருமுறை ஓதிவிட்டுப் படுங்கள், எழுந்து மாலையில் முழு வரிசை. சாப்பாட்டுக்குப் பிறகு மூன்று மணி நேரம், டிபன் என்றால் இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள். நேரமே இல்லாத நாளில் பத்து நிமிடம் ஓதினால் போதும். நீண்ட காலம், இடைவிடாமல், மதிப்போடு என்று 1.14 மூன்று நிபந்தனை வைக்கிறது. அதில் 'இடைவிடாமல்' என்பதுதான் ஷிப்ட் ஆட்களுக்குத் தகராறு, அதைக் காப்பாற்றவே இந்தப் பத்து நிமிடம்.

28-உம் கைவந்த பிறகு பகவத் கீதை ஆறாம் அத்தியாயம், 47 சுலோகம். அடிக்கு எட்டெழுத்து என்பதால் சூத்திரத்தைவிட நாக்குக்கு எளிது. மனம் காற்றைப் போல் அடங்காதது என்று அர்ஜுனன் புலம்பும்போது கண்ணன் தரும் பதில் அப்யாசமும் வைராக்கியமும், அதாவது பழக்கமும் பற்றின்மையும் (6.35), நீங்கள் 1.12-இல் ஓதிய அதே இரட்டை. அதன் பிறகுதான் தைத்திரீய உபநிடதம். அதற்கு ஸ்வரம் கட்டாயம்: எழுத்துக்குக் கீழே கோடு இருந்தால் தாழ்த்தி, மேலே செங்குத்துக் கோடு இருந்தால் உயர்த்தி, இரட்டைக் கோடு இருந்தால் உயர்த்தி நீட்டி, குறி இல்லாவிட்டால் நடுவில். இதைப் பதிவைக் கேட்டு மட்டும் கற்காதீர்கள், ஆசிரியர் வேண்டும்.

அதுவரை காதைப் பழக்க ஒரு வழி இருக்கிறது. பிரதோஷத்தன்று மாலை திருவொற்றியூர் தியாகராஜர் கோயிலிலோ உங்கள் பக்கத்துச் சிவன் கோயிலிலோ அபிஷேகத்தின்போது ருத்ரம் ஓதுவார்கள். யஜுர் வேதத்தின் பதினொரு அனுவாகம், அதாவது பகுதி. கூடச் சொல்லாமல், கையில் புத்தகமும் இல்லாமல், குரல் எங்கே இறங்குகிறது, எங்கே ஏறுகிறது என்று மட்டும் கேளுங்கள். சோழர் காலத்தில் பாணினி இலக்கணம் கற்பிக்கவென்றே அந்த ஒற்றியூர்க் கோயிலில் ஒரு மண்டபம் இருந்ததைக் கல்வெட்டு சொல்கிறது. அந்த இலக்கணத்துக்கு மாபாடியம் என்ற பேருரை எழுதியவரும் யோக சூத்திரம் தந்தவரும் ஒரே பதஞ்சலி என்பது மரபு. பிரதோஷக் கூட்டத்தில் நந்திக்குப் பக்கத்தில் இடம் கிடைக்காது, நாலரைக்கே போய் ஓதுபவர்கள் உட்காரும் பக்கமாக இடம் பிடியுங்கள்.